துக்கம் கேட்கப் போன டாக்டர்

போன மாதம் ரேவதி போன் செய்தாள். தர்மபுரியில் நான் வேலை பார்த்த இன்சூரன்ஸ் கிளையில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். அழாத குறை. "மேடம், பிரசவம் பார்க்கிற டாக்டருங்களுக்குப் பிரீமியத்தை மறுபடியும் ஏத்திட்டாங்க. போன வருஷம் வூடு தேடி வந்து தள்ளுபடி குடுத்தீங்களே, இப்ப என்னா ஆச்சுன்னு என்னை நிக்க வெச்சுக் கேக்கறாங்க. நான் என்னாங்க சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. தண்ணி குடிச்சிட்டு உக்காரு" என்றேன். போனில் அதற்கு மேல் பேச வரவில்லை. எனக்குப் பொறுமை குறைவு, வாய் அதிகம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் வாய் அடைத்துப்போகிறது. அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

டாக்டர்கள் எடுக்கும் பாலிசியைப் பற்றி வெளியில் பலருக்குத் தெரியாது. சிகிச்சையில் பிசகு நடந்துவிட்டது என்று நோயாளி வீட்டார் வழக்குப் போட்டால், வக்கீல் செலவையும் தீர்ப்பில் சொல்லும் நஷ்ட ஈட்டையும் டாக்டருக்குப் பதிலாகக் கம்பெனி கட்டும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அதற்கான விலை இருக்கிறதே, அது ஒரு இடத்தில் நிற்காது.

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஒரு வருடம் தக்காளி நல்ல விலைக்குப் போகும். உடனே ஊரே தக்காளி நடும். அடுத்த பருவத்தில் வாங்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். மனசு வெறுத்துப் பாதிப் பேர் நடவை நிறுத்தினால் மறுபடி விலை ஏறும். எங்கள் தொழிலும் இதேதான். சில வருடம் வழக்கு குறைவாக வந்து லாபம் தெரிந்தால் எல்லாக் கம்பெனியும் உள்ளே வந்து விழும். போட்டி போட்டுக்கொண்டு பிரீமியத்தை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவருவார்கள். தக்காளிக்காரருக்காவது அன்று சாயங்காலமே நஷ்டம் தெரிந்துவிடும். எங்களுக்குத் தெரியாது. இன்றைக்குப் பார்த்த பிரசவத்துக்கு வழக்கு வந்து, வாய்தா ஓடி, தீர்ப்பு வந்து, பணம் கட்டச் சொல்வதற்குள் வருடங்கள் போய்விடும். மலிவாக விற்ற பாலிசிகளின் வழக்கெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து நிற்கும்போது, விற்றவர் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருப்பார். அப்புறம்தான் மேலிடத்துக்கு ஞானம் வரும். பிரீமியத்தை ஏற்று, சின்ன ஆஸ்பத்திரிகளைச் சேர்க்காதே, வந்த கிளெய்ம்களைத் துருவிப் பார் என்று சர்க்குலர் மேல் சர்க்குலராக இறங்கும்.

நான் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைவித்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். டைப் அடிக்கத் தெரியும் என்று வேலைக்கு எடுத்தார்கள். பயிற்சி என்று சென்னையில் சில வாரம் உட்கார வைத்தார்கள். அங்கே நான் கற்றது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டாவியை அடக்குவது. வேலையைக் கற்றது தாமோதரன் சாரிடம்.

சேலம் டிவிஷன் ஆபீசில் டாக்டர் வழக்குகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. வாரத்தில் ஒரு நாள் பஸ் பிடித்து எங்கள் கிளைக்கு வருவார். வெள்ளைச் சட்டை, கையில் டிபன் கேரியர். பாலிசி எடுத்த யார் இடத்திலும் காப்பி குடிக்க மாட்டார். "அவங்க காப்பியைக் குடிச்சிட்டு அவங்களுக்கே இல்லைன்னு எப்படிம்மா எழுதறது?" என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எல்லாரும் அவருக்கு அம்மா, ஐயாதான். ஒரு கிளெய்ம் வந்தால் முதலில் பாலிசியின் நிபந்தனைகளை எடுக்கச் சொல்வார். எதிரே என்னை உட்கார வைத்து, சத்தமாகப் படிக்கச் சொல்வார். தான் கண்ணை மூடிக்கொள்வார். "படிம்மா." படிப்பேன். "இன்னொரு தரம்." மறுபடி படிப்பேன். ஒரே வரியை எத்தனையோ தடவை படித்து எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வரும். பக்கத்து மேஜையில் இருப்பவர்கள் சிரிப்பை அடக்குவார்கள். ஆனால் அப்படிப் படித்துப் படித்துத்தான் எந்தச் சொல்லில் ஆள் தப்பிப்பார், எந்தச் சொல்லில் மாட்டுவார் என்று எனக்குத் தெரிய வந்தது.

அதில் ஒரு வரி இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன். கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல், பாலிசி எடுத்தவர் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவோ, எதையும் தருவதாகச் சொல்லவோ, தரவோ கூடாது.

தள்ளுபடிக் காலம் ஒன்றில் எலும்பு டாக்டர் ஒருவரின் வழக்கு வந்தது. ஒரு பையனுக்குக் கை கோணலாகச் சேர்ந்துவிட்டது. அந்த டாக்டர் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, "என் தப்புதாங்க, மறுபடி சரி பண்ணித் தர்றேன், காசு வேணாம்" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். நான் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். தாமோதரன் சார் கண்ணைத் திறக்காமலே, "மனுஷனா இருந்தா சொல்லத்தாம்மா செய்வான். இதையெல்லாம் ஒப்புக்கொண்டதா எடுத்துக்க முடியாது. குடுத்துடலாம்" என்றார். குடுத்தோம். ஒரு கேள்வி வரவில்லை. அந்த வருடம் கம்பெனிக்கு டாக்டர்கள் வேண்டியிருந்தார்கள்.

டாக்டர் கலாவதிக்கு நேர்ந்தது சர்க்குலர் காலத்தில். அதுதான் அவர் செய்த பாவம்.

இண்டூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பாலக்கோட்டில் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி வைத்திருந்தார். முன்பக்கம் நோயாளி பார்க்கும் அறை, பின்பாதியில் பிரசவ அறையும் ஆபரேஷன் தியேட்டரும். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் விழுந்தவர்கள்தான். குரல் பெரிசு, திட்டுவார். திட்டிக்கொண்டே பிரசவம் பார்ப்பார். ஒவ்வொரு வருடமும் பாலிசியைப் புதுப்பிக்க நான்தான் போவேன். "வந்துட்டீங்களா மேரி, ஒண்ணுமே நடக்காததுக்குக் காசு வாங்க?" என்று சிரிப்பார்.

சுமதி என்ற பெண்ணுக்கு அங்கே பிரசவம். தலைச்சன் பிள்ளை. குழந்தை நல்லபடியாகப் பிறந்து அழுதுவிட்டது. அதற்குப் பிறகு தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டர் ஊசி போட்டு, வயிற்றை அமுக்கிப் பிடித்து, ரத்தத்துக்குச் சொல்லியனுப்பி, கடைசியில் ஆம்புலன்சில் தானும் ஏறிக்கொண்டு தர்மபுரிக்குப் போயிருக்கிறார். வழியெல்லாம் கையை எடுக்கவில்லையாம். பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் சுமதி போய்விட்டாள். புருஷன் முருகன், தக்காளி போடும் சின்ன விவசாயி. அவனோ அவன் வீட்டாரோ ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடியை உடைக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. பிணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கருமாதி அன்று டாக்டர் அவர்கள் ஊருக்குப் போனார். நம் ஊரில் வேறு எப்படி? தெரிந்த வீட்டில் சாவு விழுந்தால் போகாமல் இருக்க முடியுமா? ஒரு மூட்டை அரிசியைக் காரில் போட்டுக்கொண்டு போய் இறக்கினார். முருகனின் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். "என் கையிலதான் ஆயா போச்சு. உங்க மருமகளைக் காப்பாத்த முடியல. என்னை மன்னிச்சிருங்க" என்றார். வந்திருந்த உறவுக்காரப் பையன் எவனோ காரியத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அதில் இதுவும் பதிந்தது.

மாதங்கள் கழித்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு வந்தது. ஓசூரில் இருக்கும் சுமதியின் சித்தப்பா வக்கீலைப் பிடித்திருந்தார். அந்தப் படமும் வழக்கோடு சேர்ந்து வந்தது.

நான் காகிதங்களை எல்லாம் சேகரித்து கம்பெனி கருத்துக் கேட்கும் டாக்டர் குழுவில் இருந்த மூத்த மகப்பேறு டாக்டருக்கு அனுப்பினேன். செய்ய வேண்டியதை எல்லாம் செய்திருக்கிறார், தாமதம் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். அப்பாடா என்றிருந்தது. தாமோதரன் சார் வந்ததும் அதை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, படத்தைப் போடச் சொன்னார். பார்த்தார். "படிம்மா" என்றார்.

படித்தேன்.

"இன்னொரு தரம்."

படித்தேன்.

"அரிசி மூட்டை குடுத்திருக்காங்க. அது 'தரவோ'ல வருது. மன்னிச்சிருங்கன்னது 'ஒப்புக்கொள்ளவோ'ல வருது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், துக்கத்துக்குப் போனவங்க வேற என்ன சார் சொல்வாங்க? குட் மார்னிங்கா சொல்வாங்க? அரிசி காரியத்துக்குக் குடுத்தது. எங்க ஊர்ல எதிரி வூட்டுக்குக்கூடக் குடுப்போம்."

"கத்தாதம்மா, காது கேக்கறது. எலும்பு டாக்டருக்குக் குடுத்தோமேன்னு கேக்கப் போறே. அது வேற காலம். இப்ப ஒவ்வொரு கிளெய்முக்கும் ஏன் குடுத்தேன்னு மேல இருந்து ஆள் கேக்கறான். குடுக்காததுக்கு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான்." டிபன் கேரியரைத் திறக்காமலே அன்று சேலம் திரும்பினார்.

அடுத்த வாரம் அவரே ஒரு வழியோடு வந்தார். உறவினர்கள் சூழ்ந்துகொண்டு மிரட்டியதால், உயிருக்குப் பயந்து அப்படிப் பேசினேன், அரிசியும் பயத்தில் கொடுத்ததுதான் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மிரட்டி வாங்கிய வார்த்தை ஒப்புதல் ஆகாது. பாலிசி செல்லும். கம்பெனியே வக்கீல் வைத்து வழக்கை நடத்தும். இதைச் சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "மேலிடத்துல இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் நடக்காதும்மா. நீ போய்ச் சொல்லு. உன் பேச்சைக் கேப்பாங்க."

நான் போனேன். மத்தியானம், நோயாளிகள் இல்லாத நேரம். சொல்லி முடித்ததும் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மிரட்டினாங்களா? உக்காரப் பாய் போட்டாங்க மேரி. அந்த ஆயா என் கையைப் புடிச்சுகிட்டு, நீ என்னம்மா பண்ணுவ, அவ கொண்டுவந்தது அவ்வளவுதான்னாங்க. மருமகளைப் பறிகொடுத்துட்டு எனக்கு ஆறுதல் சொன்னாங்க. அவங்களை ரவுடிங்கன்னு எழுதித் தரணுமா?"

"அவங்க கேஸ் போட்டிருக்காங்க டாக்டர்."

"போடட்டும். அது அவங்க இஷ்டம். நான் பார்த்ததைத்தானே நான் சொல்ல முடியும்?"

மாதாவே, எனக்கு வந்த ஆத்திரம்! "எழுதிக் குடுத்துத் தொலைங்க டாக்டர்! ஒரு பக்கம். ஊர்ல எவன் படிக்கப் போறான்? இல்லைன்னா இந்த ஆஸ்பத்திரி போயிடும். யார் வந்து பிரசவம் பார்ப்பாங்க இங்க?" என்று அவர் அறையில் உட்கார்ந்துகொண்டு அவரிடமே கத்தினேன். நர்ஸ் பெண் எட்டிப் பார்த்தது.

டாக்டர் கத்தவில்லை. எப்போதும் கத்துகிறவர். "அந்த ஊர்ல இருந்துதான் மேரி எனக்கு மாசாமாசம் பிரசவம் வருது. அவங்க முகத்தைப் பார்த்துத்தான் நான் தொழில் பண்ணணும். எழுத மாட்டேங்க" என்றார்.

கம்பெனி கைவிட்டது. நிபந்தனையை மீறியதால் பாலிசி செல்லாது என்ற கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள் இல்லையா, பிழை இல்லாமல் அடித்தேன்.

டாக்டர் உள்ளூர் வக்கீலை வைத்துக்கொண்டு தனியாக வழக்கை நடத்தினார். ஆணையத்தில், ரத்தம் முன்னேற்பாடாக வைத்துக்கொள்ளாமல் பிரசவம் பார்த்தது குறைபாடு என்றார்கள். படத்தையும் போட்டுப் பார்த்தார்கள். எதிர்த்து வாதாட அவருக்கு ஆர்வமும் இல்லை, வசதியும் இல்லை. அவர் நெஞ்சில் சுமதி செத்த பாரம் வேறு இருந்தது. தீர்ப்பான தொகை சின்ன ஆஸ்பத்திரி தாங்கக்கூடியது இல்லை.

தீர்ப்பு வந்த சில நாளில் முருகன் எங்கள் ஆபீசுக்கு வந்தான். நான் அவனைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தேன். நேரில் இன்னும் சின்னப் பையனாக இருந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"மேடம், டாக்டரம்மா பில்டிங்கை விக்கறாங்கன்னு சொல்றாங்க. நெசமாங்க?"

"ஆமாப்பா. உனக்குப் பணம் கட்டணுமே."

"அவங்க எதுக்குங்க கட்டறாங்க? கம்பெனிதானே கட்டணும்?"

"கம்பெனி கட்டாது. அந்தம்மா கருமாதிக்கு வந்து மன்னிப்புக் கேட்டதால பாலிசி போயிடுச்சு."

அவனுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். புரிந்ததும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "நாங்க அந்தம்மா மேல கேஸு போடலீங்க மேடம். கம்பெனி மேலதான் போடறோம்னு நெனச்சோம். சுமதியோட சித்தப்பா சொன்னாருங்க, டாக்டருக்கு ஒத்த ரூவா செலவில்ல, இன்சூரன்ஸ்காரன் குடுப்பான், கொழந்தைக்கு ஆவும்னு. எங்கம்மா கேட்டாங்களே, அந்த டாக்டர் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதேன்னு. ஆவாது ஆயான்னு வக்கீலும் சொன்னாருங்க." பிறகு மெல்லக் கேட்டான்: "வாபஸ் வாங்கிக்கலாங்களா?"

பணம் வேண்டாம் என்று அவன் எழுதிக் கொடுத்தால் டாக்டர் தப்பிப்பார் என்று சொன்னேன். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, குழந்தைக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போகிறது, தக்காளியில் போட்டது திரும்பவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான், என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரி. அவன் போய்விட்டான். பணத்தை வாங்கிக்கொண்டான். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன், யாரும் சொல்லக் கூடாது.

டாக்டர் ஆஸ்பத்திரியின் பின்பாதியை விற்றார். பிரசவ அறை இருந்த இடத்தில் உரக்கடை வந்தது. முன்பக்க அறையில் காய்ச்சல், சளி மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கொஞ்ச காலம் போனது. மறுபடி காற்று மாறியது. மற்ற கம்பெனிகள் டாக்டர்களை இழுத்துக்கொண்டு போகின்றன, விடாதே, தள்ளுபடி கொடு, விட்டுப்போனவர்களை வீடு தேடிப் போய்ப் பார் என்று சர்க்குலர் வந்தது. தாமோதரன் சார் ஓய்வு பெறும் மாதம் அது. கடைசியாக எங்கள் கிளைக்கு வந்திருந்தார். எல்லாரும் மாலை போட்டு முடித்த பிறகு தனியாக நின்றவரிடம் கேட்டேன். "சார், பாலக்கோட்டு டாக்டர் கேஸ் இந்த வருஷம் வந்திருந்தா?"

நாசூக்காக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "குடுத்திருப்போம்மா" என்றார். மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்.

தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவர்களில் டாக்டர் கலாவதியின் பெயரும் இருந்தது. மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். புது மேனேஜர், "நீங்கதான் மேடம் அவங்களுக்குப் பழக்கம்" என்றார். போனேன்.

டாக்டர் இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "வாங்க மேரி" என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவராகவே, "தள்ளுபடி வந்துடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்க வேண்டாம்.

அந்த நேரம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே நிறைமாதப் பெண், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. கூட வந்த மாமியார் இறங்கி ஓடி வந்தார். "டாக்டரம்மா, எம் மவனையே நீதானம்மா எடுத்த. இவளையும் பார்த்துடு."

"இல்லீங்கம்மா, நான் இப்ப பிரசவம் பார்க்கறதில்ல. இங்க டேபிள்கூட இல்ல" என்றார் டாக்டர். ஆட்டோ பக்கத்தில் போய் நின்று, பனிக்குடம் உடைந்ததா, எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் வலிக்கிறது என்று கேட்டார். நேரம் இருக்கிறது, பயப்படாதே என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னார். நூற்றெட்டுக்குப் போன் செய்தார். இத்தனையும் செய்தவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். அந்தப் பெண் ஒரு தடவை அவர் கையைப் பிடிக்க நீட்டியது. அவர் ஓரடி பின்னால் போனார்.

"ஏம்மா, வவுத்தத் தொட்டாவது பாரேன்" என்று மாமியார் கெஞ்சினார். ஆம்புலன்ஸ் வந்தது, ஏற்றினார்கள், தர்மபுரி ரோட்டில் போனது. அது மறைகிறவரை டாக்டர் வாசலிலேயே நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மேரி" என்றார். "அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா, இப்ப நான் துக்கத்துக்குப் போலாம் இல்லீங்க? நான் தொடலையே."

கேள்வியா, கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் கேட்டிருந்தார். போகலாம் டாக்டர் என்றேன்.